மண்டபம் முகாமும் நாட்டிங் ஹில் தெருவும்: கரீபியன் மக்களின் நாடகம், ஆட்டம், ஊர்வலம் குறித்து ஒரு கேள்வி

உப்புக்காற்று, மண்டபம் எழுதியது:

வணக்கம். மண்டபத்தில் நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு சிறு நாடகக் குழு நடத்தி வருகிறோம். பகலில் ஆளுக்கொரு பிழைப்பு, இருட்டிய பிறகு ஒத்திகை. இப்போது நாங்கள் எடுத்திருப்பது மண்டபம் முகாமின் கதை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலிச் சனத்தைத் தொற்றுநோய் அச்சத்தால் கப்பலேற்றுவதற்கு முன் இங்கேதான் அடைத்து வைத்துச் சோதித்தார்கள் என்பதும், 1980-களில் அதே இடம் அங்கிருந்து தப்பி வந்தவர்களுக்கு அகதி முகாம் ஆனது என்பதும் இந்தக் கரையில் எல்லோரும் அறிந்தவையே.

ஒத்திகை நடந்துகொண்டிருந்த ஒரு நாள், லண்டனில் வேலை பார்க்கும் என் அக்காள் மகன் நாட்டிங் ஹில் கார்னிவல் காணொளி ஒன்றை அனுப்பினான். ஆள் உயரத்துக்கு இறகுகளை முதுகில் கட்டிக்கொண்டு பெண்கள் ஆடிப் போகிறார்கள். வண்டியின் மேல் எஃகுப் பாத்திரங்களை வரிசையாக வைத்து வாசிக்கிறார்கள். மதியம் மூன்று மணி ஆனதும் அத்தனை கூட்டமும் ஒரு நிமிடத்துக்கு மேல் வாய் பேசாமல் நிற்கிறது. எங்கள் குழுவில் ஒருவர் இதைத் தேரோட்டம் என்கிறார். இன்னொருவர் குடித்துவிட்டுப் போடும் ஆட்டம் என்கிறார். இரண்டும் எனக்கு ஒட்டவில்லை. கரீபியன் தீவுகளிலிருந்து இங்கிலாந்துக்குப் பிழைக்கப் போன மக்கள் இந்த ஊர்வலத்தை எதற்காகத் தொடங்கினார்கள், நாடக மேடைக்கும் நடன மேடைக்கும் எப்படி வந்து சேர்ந்தார்கள், தங்கள் கதையைத் தாங்களே ஆடிக்காட்ட என்ன வழி கண்டார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். விவரம் அறிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள். அவசரமில்லை, எங்கள் அரங்கேற்றம் ஆடி அமாவாசைக் கூட்டம் கலைந்த பிறகுதான்.

கப்பல்காரன், கீழக்கரை எழுதியது:

தம்பி, கப்பல் வேலையை விட்ட பிறகு பதினோரு ஆண்டுகள் நாட்டிங் ஹில்லின் லாட்புரோக் குரோவ் சாலைக்குப் பின்புறத் தெருவில் ஒரு மளிகைக் கடையில் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். கார்னிவல் ஆகஸ்டு மாதத்தின் கடைசித் திங்களிலும் அதற்கு முதல் நாள் ஞாயிறிலும் நடக்கும். அதற்கு முந்தைய வாரம் தெரு முழுவதும் ஆணி அடிக்கும் சத்தம்தான் கேட்கும்; வீடுகளும் கடைகளும் தங்கள் கண்ணாடிக்கு மேல் பிளைவுட் பலகையை அடித்து மூடிக்கொள்ளும். எங்கள் முதலாளி அந்தப் பலகையில் ஒரு சதுரத்தை அறுத்தெடுத்து, அந்தப் பொந்தின் வழியாகத் தண்ணீர்ப் பாட்டில் விற்பார். ஊர்வலத்தை இரண்டு ஆண்டுகள் அந்தப் பொந்து வழியாகத்தான் நான் பார்த்தேன். மூன்றாம் ஆண்டு விடுப்புக் கேட்டுக்கொண்டு வெளியே இறங்கினேன்.

வேர் டிரினிடாட் என்ற கரீபியன் தீவில் இருக்கிறது. அங்கே குடியேறிய பிரெஞ்சுப் பண்ணை முதலாளிகள், கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்குவதற்கு முன் முகமூடி அணிந்து வீட்டுக்குள் விருந்து வைத்து ஆடினார்கள். அடிமைகளுக்கு அதில் இடமில்லை. 1834-இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்து, 1838-இல் கட்டாய உழைப்பும் முடிந்த பிறகு, விடுதலை பெற்றவர்கள் அந்த விழாவைத் தெருவுக்கு இழுத்து வந்து, தீப்பந்தம் ஏந்தி, பழைய எசமானர்களைப் போலவே வேடமிட்டுக் கேலி செய்து நடந்தார்கள். 1881-இல் போலீஸ் அதை அடக்கப் பார்த்தபோது பெரும் மோதல் மூண்டது. அதன் பின் தோல் முரசுகளுக்குத் தடை வந்தது. முரசைப் பிடுங்கியதும் மூங்கிலை வெட்டித் தரையில் குத்தித் தாளம் போட்டார்கள். பிறகு பிஸ்கட் தகரம் வந்தது, 1930-களிலும் 1940-களிலும் எண்ணெய் டிரம் வந்தது. நீங்கள் காணொளியில் பார்த்த எஃகுப் பாத்திரம் அதுதான். ஸ்டீல் பேன் என்பார்கள்.

நம் ஆட்களும் அந்தத் தீவில் இருந்தார்கள். 1845-இல் இந்தியாவிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிக் கப்பல் டிரினிடாடை அடைந்தது. சென்னைத் துறைமுகத்திலிருந்தும் பின்னர் ஆட்கள் போனார்கள். அவர்கள் கரும்புத் தோட்டங்களிலிருந்து முஹர்ரம் ஊர்வலம் எடுத்து, மூங்கிலாலும் காகிதத்தாலும் கட்டிய கூடுகளைச் சுமந்து, தாசா முரசு கொட்டிப் போனார்கள். 1884-இல் அந்த ஊர்வலத்தின் மீதும் துப்பாக்கிச் சூடு நடந்து பலர் மாண்டார்கள். ஏர்வாடிச் சந்தனக்கூடு வேறு வகை விழா, இரண்டையும் குழப்பக்கூடாது. ஆனாலும் கூட்டை அலங்கரித்துத் தோளுக்கும் தெருவுக்கும் கொண்டுவரும் அந்தப் பழக்கம் எனக்கு அந்நியமாகப் படவில்லை.

இனி லண்டன். 1948 ஜூன் 22-ஆம் நாள் எம்பயர் விண்ட்ரஷ் என்ற கப்பல் நூற்றுக்கணக்கான கரீபியன் மக்களைத் தில்பரித் துறையில் இறக்கியது. போருக்குப் பின் ஆள் தேவைப்பட்ட நாடு அழைத்தது. வந்தவர்களுக்கு வாடகை வீடு கொடுக்கத்தான் ஆளில்லை. 1958 ஆகஸ்டு இறுதியில் வெள்ளையர் கும்பல்கள் நாட்டிங் ஹில் பகுதியில் கறுப்பின மக்களைத் தேடித் தேடித் தாக்கின. டிரினிடாடில் பிறந்து, அமெரிக்காவில் வளர்ந்து, கம்யூனிஸ்டு என்பதற்காக அங்கிருந்து வெளியேற்றப்பட்ட கிளாடியா ஜோன்ஸ் அப்போது பிரிக்ஸ்டனில் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தார். கலவரத்துக்கு அவர் சொன்ன பதில்தான் கார்னிவல். 1959 ஜனவரி 30-ஆம் நாள் செயின்ட் பாங்க்ரஸ் நகர மன்றத்தில் அது நடந்தது. ஜனவரிக் குளிரில் தெருவில் ஆட முடியாதென்பதால் கூரைக்குக் கீழே. கலவர வழக்குகளில் அபராதம் விதிக்கப்பட்ட இளைஞர்களுக்கு, கறுப்பர் வெள்ளையர் இருவருக்குமே, வசூலில் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது. அந்த இரவை நெறிப்படுத்தியவர் பாடகரும் நடிகருமான எட்ரிக் கானர். ஆடியது போஸ்கோ ஹோல்டரின் நடனக் குழு. நாடகம், நடனம், கார்னிவல் என்று நீங்கள் மூன்றாகப் பிரித்துக் கேட்டிருக்கிறீர்கள், தம்பி. அந்த மன்றத்தில் அவை ஒரே இரவில், ஒரே ஆட்களின் கையில் இருந்தன.

தெருவுக்கு அது வந்தது 1966-இல். ரோன் லாஸ்லெட் என்ற சமூகப் பணியாளர் அந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்காக ஒரு தெரு விழா வைத்தார். அதற்கு வாசிக்க வந்த ரஸ்ஸல் ஹென்டர்சனின் குழு, ஸ்டீல் பேனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அப்படியே நடக்கத் தொடங்கியது, சனம் பின்னால் போயிற்று. 1973 முதல் மூன்று ஆண்டுகள் பொறுப்பேற்ற லெஸ்லி பால்மர் என்ற டிரினிடாட் ஆசிரியர், வேடக் குழுக்களையும் ஜமைக்காக்காரர்களின் ஒலிபெருக்கிக் கோட்டைகளையும் உள்ளே கொண்டுவந்து அதை இன்றைய அளவுக்கு விரித்தார். 1976-இல் சுமார் 3,000 போலீஸாரைக் குவித்ததால் கைகலப்பு கலவரமாக முடிந்தது. தடை செய்யச் சொன்னவர்கள் நிறைய, ஆனால் அடுத்த ஆண்டும் நடந்தது. மூன்று மணி மௌனம் 2017 ஜூனில் அதே வட்டாரத்தில் எரிந்த கிரென்ஃபெல் அடுக்குமாடியில் இறந்த 72 பேருக்கானது, 72 நொடிகள். அத்தனை ஒலிபெருக்கிகளும் ஒன்றாக நின்றால் காதுக்குள் என்னவோ அடைத்துக்கொண்டது போலிருக்கும் என்று அங்கிருக்கும் என் தம்பி மகன் சொல்கிறான்.

சேத்தாண்டி, கமுதி எழுதியது:

குடித்துவிட்டுப் போடும் ஆட்டம் என்று சொன்ன நண்பருக்கு மட்டும் இரண்டு வார்த்தை. டிரினிடாடிலும் நாட்டிங் ஹில்லிலும் கார்னிவல் ஜூவே என்ற விடியற்காலை ஆட்டத்தோடு தொடங்குகிறது. உடம்பெங்கும் சேறும் வண்ணமும் பூசிக்கொண்டு, ஆள் யார் என்று அடையாளம் தெரியாமல் கூட்டமாக ஆடுவார்கள். கமுதியில் பங்குனிப் பொங்கலுக்குச் சேத்தாண்டி வேடம் போடுபவர்கள் கண்மாய்ச் சேற்றை உச்சி முதல் பாதம் வரை அப்பிக்கொண்டு முத்துமாரியம்மன் கோயிலுக்கு ஓடுவதை ஒரு தடவையாவது பார்த்தவர், சேற்றைக் கண்டு முகம் சுளிக்க மாட்டார். நமக்கு அது நேர்த்திக்கடன்; அவர்களுக்கு அது எசமானன் பார்த்துப் பழகிய உடம்பை மறைக்கும் வேடம். காரணம் வேறுதான். கட்டைக்கால் கட்டி வானுயர நடக்கும் மோகோ ஜம்பி என்ற அவர்களுடைய வேடத்தைப் பார்த்தபோது, மாதவி ஆடிய பதினோரு ஆடல்களில் மரக்காலும் ஒன்று என்பது நினைவுக்கு வந்தது. எங்கள் பக்கம் கோக்கலிக்கட்டை ஆடத் தெரிந்தவர்கள் அருகிவிட்டார்கள் என்பது தனி வருத்தம்.

சலங்கை, இராமநாதபுரம் எழுதியது:

கப்பல்காரக் காக்கா நடனத்தை ஒரே வரியில் கடந்துவிட்டார். அந்த இடத்தை நான் நிரப்புகிறேன். இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் பரதம் சொல்லிக்கொடுக்கிறேன், ஆகையால் என் பார்வை சற்றுச் சாய்வாக இருக்கலாம்.

விண்ட்ரஷ் கப்பல் வருவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1946 ஏப்ரல் 30-ஆம் நாள், ஜமைக்காவைச் சேர்ந்த பெர்டோ பசூக்கா, தன் நாட்டவரான ரிச்சி ரைலியுடன் சேர்ந்து, லே பாலே நெக்ர என்ற குழுவை லண்டன் மேடையில் ஏற்றினார். ஐரோப்பாவின் முதல் கறுப்பின நடனக் குழு என்று அதைச் சொல்வார்கள். அரங்கு இருந்தது வெஸ்ட்போர்ன் குரோவில். இன்றைய கார்னிவல் ஊர்வலம் போகும் பாதையிலேயே அந்தத் தெரு இருக்கிறது. தீவுகளின் கதைகளையும் முரசுத் தாளத்தையும் எடுத்து அவர் ஆட்டம் அமைத்தார். மக்கள் திரண்டு வந்து பார்த்தார்கள், குழு ஐரோப்பா முழுவதும் சுற்றியது, ஆனாலும் 1950-களின் தொடக்கத்தில் கையில் காசில்லாமல் நின்றுபோனது. கைத்தட்டல் இருந்தும் கலை நின்றுபோவதைப் பார்த்துப் பழகியவர்கள் நாம், விளக்கத் தேவையில்லை.

அதற்குப் பிறகு என்னை மிகவும் கவர்ந்த கதை லண்டனிலும் நடக்கவில்லை. வடக்கே லீட்ஸ் நகரத்தில், ஹேர்ஹில்ஸ் என்ற உழைக்கும் மக்கள் பகுதியின் பள்ளி ஒன்றில், நாடின் சீனியர் என்ற ஆசிரியை நடனத்தைக் கணக்கு, வரலாறு போலவே ஒரு பாடமாக எல்லாப் பிள்ளைகளுக்கும் நடத்தினார். 1981-இல் டேவிட் ஹாமில்டன், டொனால்ட் எட்வர்ட்ஸ், வில்மோர் ஜேம்ஸ் என்ற மூன்று கறுப்பின இளைஞர்கள் ஃபீனிக்ஸ் என்ற நடனக் குழுவைத் தொடங்கினார்கள். அந்தப் பள்ளியின் பயிர் அது, இன்றும் இயங்குகிறது. அந்நகரம் 1967 முதலே தனக்கென்று ஒரு கார்னிவல் நடத்தி வந்த ஊர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்; செயின்ட் கிட்ஸ்–நெவிஸ் தீவுகளிலிருந்து வந்த ஆர்தர் ஃபிரான்ஸ் தொடங்கியது. பள்ளியில் ஒரு பாடவேளையும் தெருவில் ஒரு திருவிழாவும் இருந்தால் ஒரு குழு பிறக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கடைசியாகக் காலணி. பாலே ஆடுபவர்கள் நுனிக்காலில் நிற்கப் போடும் பட்டுக் காலணி, வெள்ளைத் தோலோடு ஒன்றித் தெரிய வேண்டும் என்பதற்காகவே வெளிர் ரோஜா நிறத்தில் வருவது. கறுப்பினப் பெண்கள் பல தலைமுறைகளாக அதன் மேல் முகத்துக்குப் பூசும் பழுப்பு ஒப்பனைக் குழம்பைப் பஞ்சால் ஒற்றி ஒற்றித் தங்கள் தோல் நிறத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு ஜோடி சில ஆட்டத்தில் நைந்துவிடும். அடுத்ததற்கு மறுபடியும் பூச வேண்டும். டிரினிடாட் வழியில் வந்த காஸா பாஞ்சோ 2001-இல் பாலே பிளாக் என்ற குழுவைத் தொடங்கி, 2018-இல் லண்டனின் ஃப்ரீட் நிறுவனத்தோடு சேர்ந்து, பழுப்பிலும் வெண்கல நிறத்திலும் காலணி செய்யவைத்தார். இதைப் படித்த அன்று என் வகுப்பில் உள்ள ஒப்பனைப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் இந்தக் கடற்கரை வெயிலின் நிறம். பெட்டியில் இருந்த மூன்று டப்பாவும் சந்தன வெளுப்பு. கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறமாக எத்தனை அரங்கேற்றங்களை நானே மேடையேற்றியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்க வெட்கமாக இருந்தது.

மேடைப்பித்தன், தங்கச்சிமடம் எழுதியது:

நாடகத்தைப் பற்றி நான் சொல்கிறேன். ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியன், நாடகப் பிரதிகளை வாசித்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டவன்.

கறுப்பின நடிகர்கள் இங்கிலாந்து மேடைக்குப் புதியவர்கள் இல்லை. நியூயார்க்கில் பிறந்த ஐரா ஆல்ட்ரிஜ் 1833-இல் கோவென்ட் கார்டன் அரங்கில் ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோவாக நின்றார். பத்திரிகைகள் அவருடைய நிறத்தை வைத்தே வசைபாடின, அந்த அரங்கில் அவர் நீடிக்க முடியவில்லை. ஐரோப்பிய நாடுகளில் பெரும்புகழ் பெற்று, 1867-இல் போலந்தில் இறந்தார். இருந்தாலும் அவர் பேசியது அடுத்தவர் எழுதிய வசனம். தன் வீட்டு முற்றத்தைத் தன் பேச்சில் எழுதி மேடையேற்றுவது 1950-களில்தான் தொடங்கியது. டிரினிடாடின் எரோல் ஜான், போர்ட் ஆஃப் ஸ்பெயின் நகரத்தின் ஒரு பொது முற்றத்தில் நெருக்கியடித்து வாழும் குடும்பங்களை வைத்து எழுதிய நாடகம் 1957-இல் அப்சர்வர் பத்திரிகையின் போட்டியில் பரிசு பெற்று, 1958-இல் ராயல் கோர்ட் அரங்கில் நடந்தது.

நீங்கள் கட்டாயம் அறிய வேண்டியவர் முஸ்தபா மத்துரா. டிரினிடாடில் இந்திய வம்சாவளித் தந்தைக்குப் பிறந்து, இங்கிலாந்துக்கு வந்து மருத்துவமனையில் சுமைக்காரராக வேலை பார்த்து, தீவின் பேச்சுமொழியைக் கொஞ்சமும் சீர்செய்யாமல் நாடகம் எழுதியவர். 1974-இல் ராயல் கோர்ட்டில் நடந்த 'பிளே மாஸ்' நாடகம் ஓர் இந்தியக் குடும்பத்தின் தையற்கடையில் தொடங்குகிறது. அங்கே ஏவல் வேலை பார்க்கும் கறுப்பின இளைஞன் சாமுவேல், நாடு விடுதலை பெற்ற பிறகு போலீஸ் அதிகாரியாகி விடுகிறான். கார்னிவலில் வேடம் போடுவதும் பதவியில் வேடம் போடுவதும் அந்த நாடகத்தில் ஒன்றையொன்று பார்த்துச் சிரிக்கின்றன. கப்பல்காரர் சொன்ன தெருவும் என் மேடையும் சந்திக்கும் இடம் அதுதான்.

1986-இல் ஜமைக்காவைச் சேர்ந்த இவோன் புரூஸ்டர் முதலிய நால்வர் தலாவா நாடகக் குழுவைத் தொடங்கினார்கள். ஜமைக்கப் பேச்சில் அந்தச் சொல்லுக்கு உருவில் சிறிது, உரத்தில் பெரிது என்பது போன்ற பொருள். கடுகு சிறுத்தாலும் என்று நாம் தொடங்குவோமே, அது. ஹெய்ட்டி அடிமைகளின் புரட்சியைப் பற்றிய நாடகம் அவர்களின் முதல் மேடையேற்றம். இதற்கும் லண்டனின் வணிக அரங்குகளுக்கும் நடுவே இருந்த சுவர் எவ்வளவு உயரம் என்பதற்கு ஒரே சான்று போதும்: பிரிட்டனில் பிறந்து வளர்ந்த ஒரு கறுப்பினப் பெண் எழுதிய நாடகம் முதன்முதலாக அந்த வணிக அரங்குகள் இருக்கும் வெஸ்ட் எண்டில் நடந்தது 2018-இல்தான். நடாஷா கார்டனின் 'நைன் நைட்' அது. ஜமைக்காவில் இறப்பு நடந்த வீட்டில் ஒன்பது இரவுகள் உறவினர் கூடி உண்டு, பாடி, கதை பேசி, ஒன்பதாம் இரவில் ஆவியை வழியனுப்புவார்கள். லண்டனில் ஒரு குடும்பம் அதைச் செய்யும்போது வெடிக்கும் சண்டைகளே நாடகம். பதினாறாம் நாள் காரியத்தில் சொத்துப் பேச்சு எடுத்த குடும்பங்களைப் பார்த்திருக்கும் நமக்கு ஒரு காட்சிகூட விளக்கம் கேட்காது.

உங்கள் நாடகத்துக்கு இதிலிருந்து ஒன்றைத்தான் எடுத்துச் சொல்வேன். முகாம் அதிகாரி எந்தத் தமிழிலும் பேசட்டும். தோட்டத்துக்குப் போகிறவர்களும் திரும்பி வந்தவர்களும் புத்தகத் தமிழ் பேச வேண்டாம். இலங்கை மலையகத்தில் இன்றும் காமன் கூத்து ஆடுகிறார்கள் என்றால், இந்த முகாம் வழியாக நடந்துபோன யாரோதான் அதை மனப்பாடமாகச் சுமந்து போயிருக்க வேண்டும். நாடகத்தில் அவருக்கு ஓர் இடம் கொடுங்கள். பிரிட்டனில் நடந்த கறுப்பின நாடகங்களின் விவரங்களை லண்டன் நேஷனல் தியேட்டர் பிளாக் பிளேஸ் ஆர்க்கைவ் என்ற பெயரில் தொகுத்து இணையத்தில் வைத்திருக்கிறது. அங்கே தேடத் தொடங்கலாம்.

உப்புக்காற்று, மண்டபம் எழுதியது:

காக்காவுக்கும், அக்காவுக்கும், ஆசிரியர் ஐயாவுக்கும், கமுதி நண்பருக்கும் நன்றி. காமன் கூத்தாடி ஒருவரை நாடகத்துக்குள் கொண்டுவருவதென்று நேற்றிரவே முடிவாயிற்று. குடித்துவிட்டுப் போடும் ஆட்டம் என்று சொன்னவருக்கே அந்த வேடம். முகாமில் சோதனைக்காகப் பறையைப் பிடுங்கி வைக்கிறார்கள், அவர் கிடைத்ததைத் தட்டுகிறார் என்று காட்சி அமைக்கிறோம். ஒரே ஒரு கேள்வி மீதமிருக்கிறது. விசைப்படகுக்காரர் ஒருவர் பழைய டீசல் டிரம் ஒன்று தருகிறேன் என்கிறார். அதை நாங்களே பேனாக அடித்துவிட முடியுமா?

கப்பல்காரன், கீழக்கரை எழுதியது:

முடியாது தம்பி, ஆசைப்படாதீர்கள். 200 லிட்டர் டிரம்மின் அடித்தகட்டைச் சம்மட்டியால் சுற்றிச் சுற்றி அடித்து, கிழியாமல் வாணலி போலக் குழிக்க வேண்டும். அதுவே மணிக்கணக்கில் ஆகும். பிறகு ஒவ்வொரு சுரத்துக்கும் வட்டம் குறித்து, ஓரத்தை மழுங்கிய உளியால் தட்டிப் பிரித்து, தீயில் காய்ச்சி ஆறவிட்டு, சிறு சுத்தியலால் அடியிலிருந்தும் மேலிருந்தும் தட்டிச் சுருதி சேர்ப்பார்கள். சிறிய வட்டம் உச்ச சுரம், பெரிய வட்டம் தாழ்ந்த சுரம். ரப்பர் சுற்றிய குச்சியால் தொட்டால் மணி போலப் பேசும். காது தேர்ந்த ஆள் இல்லாமல் அடித்தால் ஓட்டை டிரம்தான் மிஞ்சும்.

ஆனால் உங்கள் காட்சிக்குப் பேன் எதற்கு? பறையைப் பிடுங்கிய அன்றைக்கே எவனும் சுருதி சேர்த்துவிடவில்லை. டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு, அடியில் ஒரு செங்கல் கொடுத்துத் தூக்கி, வலைக்கயிறு சுற்றிய இரண்டு கம்பால் அடித்துப் பாருங்கள். நடுவில் ஒரு சத்தம், விளிம்பில் ஒரு சத்தம் கிடைக்கும், அது போதும். ஒரு எச்சரிக்கை: காலி டிரம் என்று நம்பி மேலே வெல்டிங்கோ தீயோ வைத்துவிடாதீர்கள். உள்ளே தங்கிய டீசல் ஆவி வெடிக்கும். மூடியைக் கழற்றி, சோப்புத் தண்ணீர் விட்டு நாலைந்து முறை அலசி, வாய் திறந்தபடி இரண்டு நாள் வெயிலில் போட்டுவிட்டு அதன் பிறகு ஒத்திகைக்கு எடுங்கள்.